மூளைக்குத் தேகப்பயிற்சி உண்டா?

மாலையில் புகைவண்டியில் வீடு திரும்பும் அலுவலக ஊழியர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவர் எண் கட்டங்களை நிரப்புகிறார். மற்றொருவர் கைபேசியில் நினைவாற்றல் விளையாட்டு ஆடுகிறார். பொழுதுபோக்கு எனில் குற்றமில்லை. ஆனால், இதனால் மூளை கூர்மையடையும், அலுவலில் பிழை குறையும் என்று நம்பிப் பணமும் செலுத்துவோர் உளர். அந்நம்பிக்கை பொருந்துமா என்பதே என் பேச்சு.

மண்வெட்டி பிடித்து உரமேறிய தோள், மூட்டை சுமக்கவும் உதவும். மனமும் அத்தகையதே என்று முன்னாளில் பலர் எண்ணினர். ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீன் கற்பித்தமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. 1901ஆம் ஆண்டில் தார்ண்டைக், உட்வொர்த் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர்கள் இதனைச் சோதித்தனர். செவ்வகங்களின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்கள், வேறு வடிவங்களைக் கண்டபோது அதே தேர்ச்சியைக் காட்டவில்லை.

1980இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. கல்லூரி மாணவர் ஒருவர் சுமார் 230 மணி நேரம் பழகி, ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களை வரிசை பிறழாமல் ஒப்புவித்தார். அவர் ஓட்டப் பந்தய வீரர். இலக்கங்களைப் பந்தய நேரங்களாகத் தொகுத்துக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்தபோதோ, சுமார் ஆறுதான் நினைவில் நின்றன. அவர் பெற்றது ஓர் உத்தி. மூளையின் பொது வலிமை அன்று.

2010இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மனப்பயிற்சி செய்தனர். பழகியவற்றில் தேறினர், பழகாத சோதனைகளில் அத்தேர்ச்சி உதவவில்லை. இத்தகைய விளையாட்டுகள் அலுவலகத்திலும் பள்ளியிலும் திறனை உயர்த்தும் என்று தக்க ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக, 2016இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஒரு நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

பயிற்சிக் கல்லூரியில் தார்ண்டைக்கைப் படித்துத் தேறிய நானே, கட்டுரையில் தடுமாறிய ஒரு மாணவனிடம், "கணக்கை நிறையப் போடு, மூளை தெளியும், கட்டுரையும் வரும்" என்று கூறியதுண்டு. அவனுடைய மாலைப் பொழுதுகள் கழிந்தன, கட்டுரை வரவில்லை. அவனைக் கட்டுரையே எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

மாணவர்களே! நாளை நீங்களும் அலுவலகம் செல்வீர்கள். கடிதம் வரைவதில் தேர்ச்சி வேண்டுமானால் கடிதத்தையே திருத்தித் திருத்தி எழுதுங்கள். கணக்கில் வேண்டுமானால் கணக்கையே சரிபார்த்துப் பழகுங்கள். குறுக்குவழி தேடும் நேரத்தில் நேர்வழியிலேயே பாதி தூரம் கடந்துவிடலாம்.