நுகம் கழற்றும்போது லோரியைப் பிடித்திருப்பது எது?

(தோட்ட லோரி ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசாமல், ஓர் இரும்புத் துண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதென்ன கூத்து என்று சிலர் நினைக்கலாம். சென்ற கூட்டத்தில் ஒரு லோரித் தோழர் எழுந்து தம் குறையைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். லோரியின் பின்புறம் எண்ணெய் ஒழுகுகிறது. மூன்று தடவை ஆயில் சீல் மாற்றியாகிவிட்டது. மாற்றிய சில வாரங்களிலேயே மறுபடியும் ஒழுகுகிறது. ஓட்டுகிறவரின் கவனக் குறைவே காரணம் என்று ஆபீசில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்தத் தோழருக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எஞ்சினில் பிறக்கும் சக்தி கியர்பெட்டி வழியாக நீண்ட ஷாப்டுக்கு வருகிறது. அந்த ஷாப்ட் பின் அச்சைச் சேரும் இடத்தில், டிபரன்ஷியல் பெட்டியின் மூக்கில், இரண்டு காதுகளோடு ஓர் இரும்பு இருக்கிறதல்லவா? அதுதான் பினியன் யோக். சில லோரிகளில் காதுகளுக்குப் பதிலாக வட்டத் தட்டாக இருக்கும்; வேலை ஒன்றே. யோக் என்றால் நுகம் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! மாட்டு வண்டியில் நுகம் முறிந்தால் மாடு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இங்கேயும் அதே கதைதான்.

இந்த நுகம் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. பினியன் கிரௌன் சக்கரத்தைத் திருப்புகிறது. பினியனில் 6 பல், கிரௌனில் 41 பல் என்று வைத்துக் கொள்வோம். பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நுகம் ஏறக்குறைய ஏழு சுற்றுச் சுற்றியாக வேண்டும். பால் நிறைந்த தொட்டியோடு செம்மண் மேட்டில் முதல் கியரில் ஏறும்போது, அத்தனை பாரமும் இந்த ஒரு துண்டின் வழியாகத்தான் போகிறது.

அது கெடுவது எப்படி? ஆயில் சீலின் ரப்பர் உதடு நுகத்தின் கழுத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மண்ணும் தூசும் அந்த இடுக்கில் சேர்ந்து அரைக்க அரைக்க, இரும்பிலேயே பள்ளம் விழுகிறது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்காதீர்கள். மண் சேர்ந்தால் தேய்க்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால், அந்தக் கழுத்தில் எத்தனை புதிய சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். நம் தோழரின் லோரிக்கு வந்த வியாதி இதுதான். பள்ளத்தின் மேல் மெல்லிய உருக்கு வளையம் ஏற்றிச் சமாளிப்பதும் உண்டு. பள்ளம் ஆழமில்லாதபோது அது குற்றமல்ல. காதுகள் தேய்ந்து கிராஸ் ஜாயிண்டின் கிண்ணம் ஆடினாலோ, உள்பல் தேய்ந்து நுகம் பினியன் தண்டின் மேல் ஆடினாலோ, புது நுகம்தான் போட வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அச்சின் மேல் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். அது மண்ணால் அடைபட்டுவிட்டால், உள்ளே சூடேறிய காற்று போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். காசு செலவில்லாத காரியம். ஆனால் முதலில் அதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

இனி, இன்று நாம் பேச வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

நம் தோட்டங்களில் ஓடும் நடுத்தர லோரிகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், ஷாப்டின் தலையில் இருக்கும் டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஷாப்ட் மாட்டியிருக்கும் வரையில்தான் அதற்குப் பலம். நுகத்தில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி ஷாப்டை இறக்கிய அந்த நிமிடத்தில், கைப்பிரேக்கை எத்தனை இழுத்தாலும் லோரிக்குப் பிரேக் இல்லை. கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் இதே அபாயம்தான்: தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும். அதுதான் டிபரன்ஷியலின் குணம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒரு தோட்டத்தில், பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே லேசான சரிவில் இந்த வேலை நடந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைசிப் போல்ட்டு கழன்றது. ஷாப்ட் கீழே இறங்கியது. லோரி மெதுவாக நகரத் தொடங்கியது. அடியில் படுத்திருந்தவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அசையாமல் கிடந்ததால் பிழைத்தார். லோரி ஒரு ரப்பர் மரத்தில் முட்டி நின்றது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, “கைப்பிரேக் ஏன் போடவில்லை?” என்று விளக்கம் கேட்டார்கள். அவர் போட்டுத்தான் இருந்தார்! இதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்கச் சங்கத்துக்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன.

ஆகையால் சமதரை வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வேண்டும். தொட்டியில் பால் இருக்கக் கூடாது. தொழிற்சங்கம் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறது என்று சில நிர்வாகிகள் சொல்வதுண்டு. ஆம், தோழர்களே, இந்த ஒரு காரியத்தில் போடத்தான் சொல்கிறோம்!

வேலையைத் தொடங்குமுன் ஷாப்டிலும் நுகத்திலும் ஒரே கோடாகக் குறி போடுங்கள். கழற்றிய நிலையிலேயே மாட்டாவிட்டால் லோரி அதிரும். ஷாப்டை இறக்கியபின் நுகத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. நுகத்தை மட்டும் மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் போடுவதாகும். ஆடவில்லையென்றால், நடு நட்டுக்கும் பினியன் தண்டுக்கும் குறி போட்டு, நட்டுக்கு வெளியே தெரியும் மரையை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நுகத்தை நீண்ட சட்டத்தால் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு புல்லர் போட்டு இழுக்க வேண்டும்.

சம்மட்டியால் அடிக்கக் கூடாது. நம் பட்டறைகளில் சம்மட்டிக்கு இருக்கிற மரியாதை புல்லருக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். ஸ்டோரில் புல்லர் இல்லை என்பதும் தெரியும். நுகத்தின் மேல் விழும் அடி பினியன் பேரிங்கின் உருளைகளில் போய் விழுகிறது. இன்று ஒரு நுகம், ஆறு மாதத்தில் பெட்டி முழுவதும்.

புது நுகத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்து உள்பல்லை எண்ணுங்கள், நீளத்தை அளந்து பாருங்கள். புதுச் சீலைக் கோணாமல் இறக்கி, உதட்டில் கிரீஸ் தடவுங்கள். நுகத்தை நட்டால் இழுத்தே ஏற்ற வேண்டும்.

நட்டு இறுக்குவதில்தான் அனுபவஸ்தர்களும் தவறுகிறார்கள். சில டிபரன்ஷியல்களில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கும்படியான மெல்லிய குழல் இருக்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் அது அதிகமாக நசுங்கிவிடும். பிறகு நட்டைத் தளர்த்தினாலும் அது திரும்ப நிமிராது, புதுக்குழல்தான் போட வேண்டும். அப்படிப்பட்ட பெட்டியில், பழைய குறிக்கு வந்ததும் நிறுத்தி, பினியன் சுற்றும் கனத்தை அளவு ஸ்பேனரால் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கனமான குழலும் தகடுகளும் போட்ட பெட்டியில் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கிவிடலாம். எந்தப் பெட்டி என்று தெரியாமல் கைக்கணக்கில் இறுக்குவது சூதாட்டம். ஊசி போடும் நட்டானால், துளை நேராக வருவதற்காகத் தளர்த்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கியே நேராக்குங்கள்.

ஷாப்டை மாட்டியபின் கியர் எண்ணெயை ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். அடிமூடியின் காந்தத்தில் மாவு போல் இரும்புத்தூள் இருந்தால் சாதாரணம். செதில் இருந்தால் உள்ளே பல் உடைகிறது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மூக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடானால் நட்டு அதிகமாக இறுகியிருக்கலாம்.

இவ்வளவையும் பெரட்டு முடிந்து பால் எடுக்கப் போவதற்குள் செய்து முடி என்றால் முடியுமா? முழுசாக அரை நாள் வேண்டும், புல்லர் வேண்டும், அளவு ஸ்பேனர் வேண்டும். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்துள்ளது. வேலையிடத்தில் உடனடி அபாயம் இருக்கிறது என்று நம்பத் தக்க நியாயம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கவும் இடமில்லை. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். புல்லர் இல்லாத சங்கதி அந்தக் குழுவின் குறிப்பேட்டில் ஏறட்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இன்று பட்டறையில் நமக்கு ஒத்தாசை செய்கிறவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த சகோதரர்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரியாது என்று அவர்களை லோரிக்கடியில் அனுப்பிவிட்டு நாம் வெளியே நிற்கலாகாது. கைப்பிரேக் விஷயத்தைத் தெரிந்த மலாயில் அவர்களுக்கு இன்றே சொல்லுங்கள்.

ஆயில் சீல் ஒழுகும் தோழரே, நாளைக்கே மூச்சுக்குழாயைத் துடைத்துவிடுங்கள். அடுத்து சீல் கழற்றும்போது கழுத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் அதைக் கிராணிக்கும் காட்டுங்கள். நுகம் வேண்டுமென்ற கடிதத்தைச் சங்கத்திலிருந்து நாம் எழுதுகிறோம்.

கெட்டி மரத்தில் அறுத்த முட்டுக்கட்டைகள் மேசைக்கு அடியில் இருக்கின்றன. லோரிக்கு நான்கு. செயலாளரிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.