சிறு திரையும் இலவச மென்பொருளும்



பதினொரு அங்குல மடிக்கணினியில் ஆய்வுக் கட்டுரை எழுதப் புகுந்த மாணவர் நாம். மைக்கிறோசொவ்ற் ஒஃபிஸை விலைகொடுத்து வாங்கும் வசதி எமக்கில்லை; களவுப் பிரதியை ஏற்க மனமுமில்லை. ஆதலின் இலவச மென்பொருளை நாடினோம்.

சிறு திரையில் வறுமை அகலத்திலன்று, உயரத்திலேயே உள்ளது. எமது திரையின் அகலம் 1366 புள்ளி, உயரமோ 768. மேலே கருவிப்பட்டைகளும் அளவுகோலும், கீழே நிலைப்பட்டையும் இடம்பிடித்தபின் தாளுக்கு எஞ்சுவது சில வரிகளே. முந்திய பத்தியில் என்ன வாதித்தோம் என்பதையே மேலும் கீழும் உருட்டித் தேடவேண்டியதாயிற்று. வாதம் அறுந்துபோகிறது, அன்பர்களே! (2007இல் வெளிவந்த ஈ பீசி என்னும் சிறு கணினிக்கு 480 புள்ளி உயரமே. அதனை வைத்திருந்தோர் எம்மினும் பொறுமைசாலிகள்.)

அபிவேர்ட் இலேசானது, பழைய கணினியிலும் விரைந்து திறக்கும். ஆயினும் பேராசிரியர் திருத்தி அனுப்பும் வேர்ட் கோப்பின் அட்டவணைகள் அதில் குலையக்கூடும். ஆகவே, 2010இல் ஓப்பன் ஒஃபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஒஃபிஸையே தெரிந்தோம். அது பருமனானது, திறக்கச் சுணங்கும். ஆனால் தோற்றத்தை நம் விருப்பப்படி மாற்ற இடந்தருகிறது. காட்சிப் பட்டியலில் பயனர் இடைமுகத்தைத் திறந்து ஒற்றைக் கருவிப்பட்டையைத் தெரிந்தால் இரு வரிசை ஒன்றாகும். அளவுகோலை மறைக்கலாம். எழுத்துரு, பத்தி அமைப்புகளைப் பக்கப்பட்டையில் வைத்தால் வீணே கிடக்கும் அகலம் பயன்படும். கண்ட்றோல், ஷிப்ற், ஜே மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் கருவிகள் மறைந்து, திரை முழுவதும் எழுத்துக்கே உரியதாகும். மீண்டும் அழுத்த, பழைய நிலை வரும்.

இவ்வுரையையும் அவ்வாறே எழுதினோம்.