செல்போனில் படித்தால் போதுமா?

கையிலே செல்போன் இருக்கும்போது காசு கொடுத்துப் புத்தகம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மின்நூலின் பயன் பெரிது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற மின்நூல் முயற்சி தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எல்லோரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் ஏற்றினார்கள். கடையில் கிடைக்காத நூல்கூட இன்று வீடு தேடி வருகிறது. கண்பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

ஆனால் இதையும் கேளுங்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்நூல் கடையை மூடியது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் புத்தகங்கள் போய்விட்டன. அவற்றில் குறித்து வைத்த குறிப்புகளும் போயின. ஏனென்றால், பெரும்பாலான மின்நூல் கடைகளில் நாம் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டும்தான்.

அச்சுப் புத்தகம் அப்படியல்ல. வாங்கிவிட்டால் அது நம் சொத்து. படித்து முடித்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். சார்ஜ் போட வேண்டாம். படிக்கும்போது நடுவே அழைப்பும் வராது.

அரிய நூலைத் தேடி எடுக்க மின்நூல்; ஊன்றிப் படிக்க அச்சு நூல். ஒன்று வந்ததற்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. அச்சு நூல்களை எடுத்துப் படிக்க, இந்த வாரமே உங்கள் ஊர் நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.