பஸ்ஸிலிருந்து எடுத்த பேரு

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் பேசியது)



நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்கு யார் பேரை வைப்பது என்று மூன்று மாதமாக இழுபறி. ஊர்க் குழுக்கள் ஒரு பேர் சொல்ல, காலனிக் குழுக்கள் வேறு பேர் சொல்ல, போன கூட்டத்துக்குக் காலனியிலிருந்து நாலு குழு வரவில்லை. கடன் மனுக்கள் அப்படியே கிடக்கின்றன. ‘பேரே வேண்டாம், வம்பு முடிஞ்சது’ என்று சிலர் சொல்றாங்க. அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வீட்டில் பழைய ரேஷன் கார்டு இருந்தா எடுத்துப் பாருங்க. ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று இருக்கும். 1997இல் அந்தப் பேர் போய், நாம காஞ்சிபுரம் மாவட்டம் ஆனோம். நெல்லை கட்டபொம்மன், காமராசர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டங்களும் அப்படித்தான் ஊர்ப் பேருக்கு மாறின. சேரன், பாண்டியன் என்று ஓடின பஸ் எல்லாம் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ ஆயிடுச்சு.

காரணம் விருதுநகரில் இருக்கிறது. அந்த வருஷம் அங்கே ஒரு புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர் என்று தேவேந்திரகுல மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருபவர். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று மற்ற சாதியாரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரமாகி உயிர்கள் போச்சு. கடைசியில் அரசு எல்லாத் தலைவர் பேரையும் எடுத்துவிட்டது.

எல்லாருக்கும் ஒரே நியாயம் மாதிரிதான் தெரியும். ஆனா மற்ற பேரெல்லாம் வருஷக்கணக்கா ஓடின பேரு. இவங்க பேரு ஏறின வருஷமே இறங்கிடுச்சு. அந்தச் சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

அதனாலதான் ‘பேரே வேண்டாம்’ என்பதை நாங்க ஏற்கவில்லை. முதலில் ஏன் அந்தப் பேர் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். நம்ம பக்கம் சிப்காட் வந்த கதையையே பாருங்களேன். நிலம் போச்சே என்று ஊர்க்காரங்க அழறாங்க. அந்த நிலத்தில் நாத்து நட்டவங்களுக்கு வேலையும் போச்சு, நஷ்டஈடு என்று எதுவும் கைக்கு வரல. ஒரே நிலம்தான். இத்தனை வருஷமா ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்பு கட்டுறோம், இதை ஒருநாளும் பேசினதில்லை.

அடுத்த கூட்டம் காலனிப் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் சனிக்கிழமை. பேசுறது வயசான உறுப்பினர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். ஊர்க் குழு ஊக்குநர்கள் கட்டாயம் வரணும். நின்றுபோன கடன் மனுக்களை அன்றைக்கு முதல் வேலையாக எடுக்கிறோம்; பேர் பற்றிய தீர்மானம் அன்று கிடையாது.