தடுப்பூசியும் மக்கள் நம்பிக்கையும்

நோயைத் தடுக்கவென உடலிற் செலுத்தப்படும் மருந்தே அந்நோயைக் கொண்டுவருமாயின், மக்கள் எதனை நம்புவர்? 1955 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இவ்வினாவுக்கு விடை காணவேண்டியதாயிற்று.

இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோய் அந்நாளிற் கோடைதோறும் அந்நாட்டைக் கலக்கியது. 1952 இல் மாத்திரம் ஏறக்குறைய 58,000 பேர் அதற்கு ஆளாகினர். டாக்டர் யோனாஸ் சால்க் ஆக்கிய தடுப்பூசி, சுமார் 18 இலட்சம் சிறுவர் பங்குபற்றிய பரிசோதனையில் வெற்றி பெற்றதென்னும் செய்தி 1955 ஏப்பிரில் 12 ஆந் தேதி வெளியாயிற்று. தேவாலய மணிகள் ஒலித்தன. மருந்துக் கம்பனிகளுக்கு அன்றே அனுமதி வழங்கப்பட்டது.

இரண்டு கிழமைக்குள், ஊசி போட்ட பிள்ளைகள் சிலருக்கு வாதம் கண்டதென்ற அறிவித்தல்கள் வந்தன. இயல்பாக வரும் இளம்பிள்ளைவாதம் பெரும்பாலும் காலையே தாக்கும். இப்பிள்ளைகளுக்கோ ஊசி ஏற்றிய கையே முடங்கிற்று. முதலில் அறியவந்தோருட் பலர் பெற்றது கலிபோர்னியாவிலிருந்த கட்டர் கம்பனியின் மருந்தாகும். ஏப்பிரில் 27 ஆந் தேதி அம்மருந்து மீளப்பெறப்பட்டது. மறுநாளே டாக்டர் அலெக்சாண்டர் லாங்மியூரின் மேற்பார்வையில் நாடளாவிய கண்காணிப்புத் தொடங்கிற்று. நோயுற்றவர் யார், ஊசி போட்ட நாள் எது, மருந்து எத்தொகுதியைச் சேர்ந்தது என்பன ஒன்றுவிடாது பதியப்பட்டன. ஊசியே போடாத பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளிடமிருந்து நோய் தொற்றி முடங்கியமை இவ்வாறே புலனாயிற்று. இருநூறு பேரளவில் வாதத்துக்கு உள்ளாகினர், பத்துப்பேர் மாண்டனர்.

குறை எங்கே நேர்ந்தது? இம்மருந்தை ஆக்கும்போது வைரசைப் போமலின் கொண்டு செயலிழக்கச் செய்வர். ஆனால் திரவத்தில் எஞ்சிய உயிரணுத் துகள்கள் திரண்டு, தம்முட் சிக்கிய வைரசைப் போமலின் தீண்டாது காத்தன. சோதனைக்கு எடுத்த சிறிதளவு மருந்தில் அது அகப்படவும் இல்லை. 1954 இலேயே அரசாங்க ஆய்வுகூடத்தில் டாக்டர் பேர்னிஸ் எடி, தாம் மருந்தைச் செலுத்திச் சோதித்த குரங்குகள் முடங்கியதைக் கண்டு மேலிடத்துக்கு அறிவித்திருந்தார். அவ்வெச்சரிக்கை செவியேறவில்லை.

மே 7 ஆந் தேதி தடுப்பூசித் திட்டம் முழுவதுமே இடைநிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் ஆராயப்பட்டன. வடிகட்டலும் சோதனையும் கடுமையாக்கப்பட்டபின் ஊசிபோடுதல் மீண்டது. 1957 இல் நோயாளர் தொகை 6,000 இற்குங் குறைந்தது. நேர்ந்ததை மறைத்திருப்பின் வதந்தி வளர்ந்திருக்கும். தாய்மார் நல்ல மருந்தையும் மறுத்திருப்பர். எண்ணிக் கணக்கிட்டு வெளிப்படுத்தியமையே நம்பிக்கையைக் காத்தது.

பயன் தரும் மருந்து எதுவும் சிலருக்கேனும் வேண்டாத விளைவைத் தரக்கூடும். ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததெனக் கொள்வதும் தவறு; அவ்வாறு வந்ததனைப் பேசாது விடுவதும் தவறு. தனியொருவரின் ஐயம் ஐயமாகவே நிற்கும்; பலர் கூறியவை ஓரிடத்திற் சேரும்போதே உண்மை துலங்கும். ஆகவே மருந்தின்பின் தடிப்போ, மூச்சுமுட்டோ, மயக்கமோ காணின் உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். மருந்தின் பெயரையும் பெற்ற நாளையும் அவருக்கு அறிவித்தல் வேண்டும். அச்சிறு செய்தி வேறொரு வீட்டுப் பிள்ளையைக் காக்கவுங்கூடும்.