தாய் மேளமும் ஆதார ஸ்வரமும்



பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் ‘சி’ தொடங்கி வரிசையாக வாசித்தால் சங்கராபரணமும், அவற்றையே ‘டி’யை ஷட்ஜமாகக் கொண்டு வாசித்தால் கரகரப்பிரியாவும், ‘இ’யிலிருந்து தோடியும், ‘எஃப்’பிலிருந்து கல்யாணியும் தோன்றுதல் தாங்கள் அறிந்ததே. கிரகபேதம் என்று நாம் வழங்கும் இதனை மேனாட்டார் மோடுகள் என வகுத்து, அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன் முதலாகப் பெயரிட்டு, அனைத்திற்கும் ‘சி மேஜர்’ ஸ்கேலைத் தாயாகக் காட்டுவர். நாமோ சங்கராபரணத்தை 29ஆவது மேளமாகவும் கரகரப்பிரியாவை 22ஆவது மேளமாகவும் கொண்டு, இரண்டையும் தனித்தனித் தாயாகவே போற்றி வருகிறோம். ஸ்வரங்களை மனனம் செய்வதற்கு மேனாட்டார் வழி எளிது. ஆயினும் மனோதர்மமாக வாசிக்கப் புகுவோனுக்கு நம் வழியே உற்ற துணை என்பது என் துணிபு.

மைல்ஸ் டேவிஸ் 1959ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்த ‘ஸோ வாட்’ என்னும் ஜாஸ் உருப்படியை எடுத்துக்கொள்வோம். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றுகள் 32. அவற்றுள் முதல் 16 ‘டி’ டோரியன், அடுத்த 8 அதற்கு அரை ஸ்வரம் மேலான ‘இ பிளாட்’ டோரியன், இறுதி 8 மீண்டும் ‘டி’. இதன் ‘டி’ டோரியன் பகுதியை வெறும் ‘சி மேஜர்’ என்று எண்ணி வாசிப்பவனுடைய விரல்கள், ஸ்வரம் ஒன்றேனும் பிழையாமலே, பழக்கத்தால் ‘சி’யில் சென்று ஓய்ந்துவிடும், அக்கணமே டோரியன் மறைந்துபோம்.

ஹார்மனி எனப்படும் ஸ்வரக்கூட்டிசையில் இவ்வபாயம் இன்னும் நுட்பமானது. ‘எஃப்’பும் ‘பி’யும் ‘ஜி’யின் மேல் ஒருசேர ஒலித்தால் செவி ‘சி’யை நாடுவது மேஜர் ஸ்கேலின் பழம்பழக்கம். அவ்வுருப்படியின் முகப்பில், பாஸ் வாத்தியத்தின் பாட்டுக்கு மறுமொழியாகப் பியானோவில் பில் எவன்ஸ் வாசிக்கும் இரண்டு கார்டுகளைக் கவனியுங்கள்: முன்னது இ, ஏ, டி, ஜி, பி, பின்னது டி, ஜி, சி, எஃப், ஏ. முன்னதில் ‘எஃப்’ இல்லை, பின்னதில் ‘பி’ இல்லை. ஆதலின் ‘சி’யை நோக்கி இழுக்கும் அந்த இணை எவ்விடத்தும் கூடுவதேயில்லை. அதனினும் வியக்கத்தக்கது, முதற் கார்டின் உச்சியில் நிற்கும் ‘பி’. ‘டி’யை ஷட்ஜமாகக் கொண்டு நோக்கின் அது சதுச்ருதி தைவதம், கரகரப்பிரியாவை நடபைரவியினின்றும் பிரித்துக்காட்டும் அந்த ஒற்றை ஸ்வரம். அதனை யாவரும் கேட்கும் உயரத்தில் நிறுத்தி, உடனே பஞ்சமத்திற்கு இறக்குகிறார் எவன்ஸ்.

நம் கச்சேரியில் கிரகபேதம் சிறிது நேர விநோதமாகவே அமைவதற்குக் காரணம், தம்புரா தன் ஷட்ஜத்தை விடாமையே. ஜாஸ் குழுவிலோ ஊன்றுகோலாகிய பாஸ் வாத்தியமும் பெயர்ந்து நடக்கும். ‘ஸோ வாட்’டில் பாஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸின் தந்தி 17ஆவது சுற்றில் அரை ஸ்வரம் மேலேறும்போது, ‘இனி டி பிளாட் மேஜர்’ என்று தாயைத் தேடிக் கணக்கிடுபவன் பின்தங்கிவிட, ‘இ பிளாட்’டையே ஷட்ஜமாகச் செவியில் ஏற்றவன் அதே கரகரப்பிரியாவைப் புதிய பீடத்தில் தொடர்ந்து பாடிச்சென்று, எட்டுச் சுற்று கழிந்ததும் தந்தியோடு கூடவே கீழிறங்குகிறான்.