பதிவேட்டில் ஏறிய பெயர்
(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அதைப் பற்றிப் பலரும் நன்கு பேசிவிட்டமையால், நாம் பதிவேடுகளைப் பற்றிப் பேச விழைகிறோம். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவனின் மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்றொரு கட்டம் உண்டு. அதில் 'நன்று' என்று எழுதும்போதெல்லாம், வேறொரு சொல்லை எழுதினால் இச்சிறுவன் எங்கே போய் நிற்பான் என்ற எண்ணம் எழாமல் இருந்ததில்லை. ஆயினும் அச்சான்றிதழ் அவன் கையிலேயே தரப்படுகிறது. தவறிருந்தால் பெற்றோர் வந்து கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். தன் கண்ணில் படாத ஏட்டில் பெயர் ஏறிவிட்டவன் யாரிடம் போய்க் கேட்பான்?

குறும்பு செய்யும் பிள்ளையைக் 'கேடிப் பயல்' என்று ஏசுகிறோம். அது தமிழ்ச் சொல்லன்று. 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது அறியப்பட்ட கொள்ளையன், என்று வெள்ளையர் காலக் காவல்துறை பதிவேட்டில் வகுத்த பெயரின் முதலெழுத்துகள் இரண்டே அது. ஏட்டிலிருந்த சொல் நம் திண்ணைக்கு வந்து குடியேறிவிட்டது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதி முழுவதையும் குற்றச் சாதி என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்புச் செல்லாது என எந்த நீதிமன்றமும் கூற முடியாது. அறிவிக்கப்பட்டோர் விரல் ரேகை பதிய வேண்டும். பலர் இரவில் தம் வீட்டில் உறங்கவும் உரிமையின்றிக் காவலின்கீழ் இருந்தனர். இன்று அட்டவணைச் சாதியினராய் உள்ள குறவர் மக்கள் இதில் பட்ட பாடு சொல்லி முடியாது. நமக்கு வடக்கே உசிலம்பட்டி அருகில் உள்ள பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்மணி உள்ளிட்ட பலர் மாண்டனர். அவர்களுக்கும் நம்மவர்க்கும் எக்காலமும் இனிய உறவு இருந்ததென்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. எனினும் பிறந்த குலத்தை வைத்து ஒருவனைப் பட்டியலில் எழுதுவது யாருக்கு நேர்ந்தாலும் அநீதி என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் ஒழிந்தது. ஏடு ஒழியவில்லை. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று பெயர் மாறிற்று. காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு தொடர்ந்தது. அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரில் குற்றமற்றவர்கள் பெயர்கூடச் சமூகப் பின்னணி காரணமாக இப்பதிவேட்டில் இயந்திரம்போல் ஏற்றப்படுவதாகக் கூறப்படுவதை உச்ச நீதிமன்றமே 2024 மே மாதத்தில் கவலையுடன் சுட்டிக்காட்டி, மாநிலங்கள் தம் நடைமுறையை ஆராய வேண்டும் என்று கூறியது.

இனிப் பயங்கரவாதிகள் பட்டியல். பயங்கரவாதம் கற்பனையன்று. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்ததை நாம் மறக்கவில்லை. அரசு விழிப்போடிருக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கென இயற்றிய சட்டம் எங்கெல்லாம் பாய்கிறது என்பதைப் பாருங்கள். 2002இல் பொடா சட்டம் நிறைவேறியபோது அதனை ஆதரித்த ஆளுங்கூட்டணியில் திரு. வைகோ அவர்களின் கட்சியும் இருந்தது. சில மாதங்களுக்குள், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அவரே அச்சட்டத்தின்கீழ்க் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்! உறுப்பினர் கதியே இதுவாயின், கூலிக்குப் போகும் நம்மவர் கதி என்ன?

பொடா 2004இல் நீங்கியது. அதன் முக்கியக் கூறுகள் 1967ஆம் ஆண்டுச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துள் புகுந்தன. 2008இல் பிணை பெறுவது அரிதாக்கப்பட்டது. முன்பு அமைப்புகளை மட்டுமே பட்டியலில் சேர்த்தார்கள். 2019 திருத்தத்திற்குப் பின், விசாரணையும் தீர்ப்பும் இன்றியே தனிமனிதன் ஒருவனையும் பயங்கரவாதி என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பெயரை நீக்கக் கோரும் மனுவையும் முதலில் அந்த அரசிடமே தர வேண்டும். எழுதிய கையே அழிக்கவும் வேண்டுமாம்!

பட்டியலில் ஏறாமலும் இச்சட்டம் வாட்டும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே உழைத்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி, 83ஆம் வயதில் 2020 அக்டோபரில் கைதானார். நடுக்குவாத நோயால் கை நடுங்கியமையால் உறிஞ்சு குழல் கொண்ட கோப்பைக்காக நீதிமன்றத்தை நாடினார். விசாரணை தொடங்குமுன்பே 2021 ஜூலை 5இல் காலமானார். அதே வழக்கில் தலித் அறிஞர் ஆனந்த் தெல்தும்ப்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள்.

கைதானவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியை 1949 செப்டம்பர் 15இல் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அண்ணலே. அது இன்று 22ஆம் விதி. தடுப்புக் காவலுக்கு இடந்தரும் பகுதியும் அதே விதியில் உள்ளதென்பதையும் படித்தவர்கள் அறிய வேண்டும்.

இவையெல்லாம் தில்லிச் செய்தி என்று எண்ணாதீர்கள். நம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவன் காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறினான். முன்பு திருவிழாவில் நேர்ந்த அடிதடி வழக்கொன்றில் நால்வர் பெயரை எழுதி 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தனர். அன்று ஊரிலேயே இல்லாத அவன் பெயர் பிறகு அந்தப் 'பலர்' என்ற சொல்லுக்குள் நுழைந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. அவ்வாறு விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விளக்கம் காவலர் தேர்வு விதியில் உள்ளது. 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதனை ஏற்றது. "விடுதலை ஆயிட்டேனே ஐயா, பிறகு எதுக்கு?" என்று கேட்டான். உடனே சொல்ல நம்மிடம் விடை இல்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

ஆகவே இளைஞர்கள் சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தலே தனிக் குற்றமாகிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கைகளை, சிலவகை வழக்குகள் நீங்கலாக, இணையத்தில் வெளியிட 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது, தேடிப் பாருங்கள். விடுதலையானால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே பெறுங்கள். வழக்கறிஞர் எதிர்த்தரப்புடன் சமாதானம் பேசி முடிக்கச் சொல்லும்போது, தீர்ப்பில் என்ன வாசகம் வரும் என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்த இளைஞனின் தீர்ப்பு நகலுக்கு இப்போது மனுச் செய்திருக்கிறோம். வேறு யாரிடமேனும் இத்தகைய தாள்கள் இருப்பின், வெட்கப்படாமல் ஞாயிறு காலையில் சங்க வாசகசாலைக்கு எடுத்து வாருங்கள். நாம் அங்கிருப்போம்.